பிறவியிலேயே கர்ப்பப்பை அமைப்பு மாறியிருப்பதற்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: தங்கை மகளுக்கு 14 வயது, வயசுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மாதா மாதம் ஒழுங்காகத்தான் பீரியட்ஸ் வருகிறது, ஆனால் வலி மட்டும் ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போய் இப்போது பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஸ்கேனில் இரண்டு கர்ப்பப்பை இருக்கிறது, வலது கிட்னி இல்லை, வலது பக்கம் இரத்தம் தேங்கி நிற்கிறது, எண்டோமெட்ரியோசிஸும் ஆரம்பித்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறவிக் கோளாறுக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் என்ன சம்பந்தம், இது இரண்டு நோயா ஒன்றா, பிள்ளை பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மகளிர் மருத்துவத் துறையில் இருப்பவள், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் இருக்கிறது, அதுவும் நேரடியாக. உங்கள் பெண்ணின் உடம்பில் பிறவியிலேயே ஒரு அடைப்பு இருக்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் வந்திருந்தால் அது அந்த அடைப்பினால் வந்தது. அடைப்பைத் திறந்துவிட்டால் அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும். 30 வயதில் எண்டோமெட்ரியோசிஸோடு வந்து உட்காரும் ஒரு பெண்ணிடம் என்னால் இந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. 14 வயதில், அடைப்போடு வருகிற பிள்ளையிடம் சொல்லலாம். அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது என்னவென்று தெரிந்தால்தான் மற்றது புரியும். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கிறது. மாதா மாதம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியே வருவது அதுதான். அதே மாதிரியான சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ அடிவயிற்றின் உள்சுவரிலோ குடல் மேலேயோ ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். வெளியே இருந்தாலும் அதற்கும் மாதக் கணக்கு தெரியும், அதுவும் மாதா மாதம் கசியும், ஆனால் அந்த இரத்தம் போக வழி கிடையாது. அதனால் சுற்றியுள்ள இடம் புண்ணாகி, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. சினைப்பைக்குள் தேங்கினால் கரும்பழுப்பாகக் கட்டி ஆகும், அதைத்தான் சாக்லேட் கட்டி என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 19 கோடி பேருக்கு இது இருக்கிறது.

இந்தச் சவ்வு வெளியே எப்படிப் போகிறது? இதற்கு அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் இருந்த ஜான் சாம்ப்சன் என்ற மருத்துவர் 1927இல் ஒரு விளக்கம் சொன்னார், இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறோம். மாதவிடாய் இரத்தம் முழுவதும் கீழ்நோக்கி வருவதில்லை, கொஞ்சம் பின்னோக்கிப் போய், கருக்குழாய்கள் வழியாக வயிற்றுக்குள் சொட்டுகிறது, அதில் இருக்கும் சவ்வுத் துணுக்குகள் அங்கே ஒட்டி வேர்விடுகின்றன என்றார். சொன்ன காலத்தில் பலர் ஏற்கவில்லை. ஆனால் 1984இல் ஹால்மி என்பவரும் கூட இருந்தவர்களும், மாதவிடாய் நாட்களில் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்ப்பது, செய்த பெண்களைப் பார்த்தபோது, கருக்குழாய் திறந்திருந்தவர்களில் 90 சதவீதம் பேரின் வயிற்றுக்குள் இரத்தம் இருந்தது. அதாவது பின்னோக்கிப் போவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடப்பது. பத்தில் ஒருவருக்குத்தான் நோயாகிறது என்றால் அளவு, எதிர்ப்புச் சக்தி, பரம்பரை என்று வேறு காரணங்களும் சேர வேண்டும். இதில் "அளவு" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் பெண்ணின் கதை அதில்தான் இருக்கிறது.

சாக்கடை அடைத்துக்கொண்டால் குளியலறைத் தண்ணீர் எங்கே போகும்? மேலே ஏறும், அடுத்த அறைக்குள் வரும். கர்ப்பப்பைக்குக் கீழே வழி அடைபட்டிருந்தால் இரத்தமும் அப்படித்தான். மாதா மாதம் உதிர்கிறது, கீழே இறங்க வழியில்லை, யோனி பலூன் மாதிரி உப்புகிறது, அப்புறம் கர்ப்பப்பை உப்புகிறது, கருக்குழாய் உப்புகிறது, கடைசியில் குழாயின் நுனி வழியாக வயிற்றுக்குள் கொட்டுகிறது. மற்றவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகப் போவது இவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கரண்டிக் கணக்கில் போகிறது.

இதைக் குரங்குகளிலேயே பார்த்திருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் டெலிண்டே, ஸ்காட் என்ற மருத்துவர்கள், பெண் குரங்குகளின் கர்ப்பப்பை வாயைத் திருப்பி, மாதவிடாய் வயிற்றுக்குள்ளேயே விழும்படி அறுவை சிகிச்சை செய்தார்கள். ஏறக்குறைய பாதிக் குரங்குகளுக்கு எண்டோமெட்ரியோசிஸ் வந்தது. மனிதர்களில் தெளிவான கணக்கு 1987இல் ஆலிவ், ஹெண்டர்சன் இருவரும் வெளியிட்டது. பிறவியிலேயே கர்ப்பப்பை அமைப்பு மாறியிருந்த பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். கர்ப்பப்பைச் சவ்வு வேலை செய்து, கருக்குழாயும் திறந்திருந்து, கீழே மட்டும் அடைப்பு இருந்தவர்கள் 13 பேர், அவர்களில் 10 பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ். அமைப்பு மாறியிருந்தும் அடைப்பு இல்லாதவர்கள் 43 பேர், அவர்களில் 16 பேருக்கு. சதவீதமாகச் சொன்னால் 77க்கு 37. சின்னக் கணக்குதான், ஆனால் அதற்குப் பிறகு வந்தவையும் அடைப்பைப் பொறுத்தவரை அதே பக்கம்தான் சாய்கின்றன. பிறவிக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சரி, இந்தக் கோளாறு எப்படி வருகிறது? வீட்டில் யாராவது "கர்ப்பமாக இருக்கும்போது நீ அதைச் சாப்பிட்டாய், இதைத் தூக்கினாய்" என்று உங்கள் தங்கையைச் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். தாய் வயிற்றில் சுமார் ஆறாவது வாரத்தில் எல்லாக் கருவிலும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும், ஒன்று வூல்ஃபியன் குழாய், இன்னொன்று முல்லேரியன் குழாய், 1830இல் இதை விவரித்த யோஹான்னஸ் முல்லர் என்ற ஜெர்மன் அறிஞரின் பெயர்தான் அது. பெண் குழந்தையில் வூல்ஃபியன் பின்னால் மறைந்துவிடும், முல்லேரியன் குழாய்கள் இடதும் வலதுமாக இறங்கி வந்து நடுவில் ஒன்றுசேரும். சேராத மேல்பகுதிகள் இரண்டு கருக்குழாய்கள், சேர்ந்த பகுதி கர்ப்பப்பையும் அதன் வாயும் யோனியின் மேல்பாகமும். சேர்ந்த பிறகு நடுவில் ஒரு சுவர் மிச்சம் இருக்கும், அது சுமார் 20ஆம் வாரத்துக்குள் கரைந்துவிட வேண்டும். இந்த வரிசையில் எங்கே தவறுகிறதோ அதைப் பொறுத்து வடிவம் மாறும். இரண்டும் சேரவே இல்லையென்றால் இரட்டைக் கர்ப்பப்பை, சுவர் கரையவில்லையென்றால் தடுப்புச் சுவர் உள்ள கர்ப்பப்பை, ஒரு குழாய் வளரவே இல்லையென்றால் ஒற்றைக்கொம்புக் கர்ப்பப்பை. பொதுவான பெண்கள் நூறு பேரைப் பார்த்தால் 5, 6 பேருக்கு ஏதாவது ஒரு சின்ன மாற்றமாவது இருக்கிறது, பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும். அம்மா சாப்பிட்ட பப்பாளியால் இது வருவதில்லை.

கிட்னி ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். சொன்னேனே, வூல்ஃபியன் குழாய், அதிலிருந்துதான் சிறுநீர்க்குழாயின் மொட்டு கிளம்பி அந்தப் பக்கத்துக் கிட்னியை உருவாக்குகிறது. அதே வூல்ஃபியன் குழாயைத் துணையாகப் பிடித்துக்கொண்டுதான் முல்லேரியன் குழாயும் கீழே இறங்கி வருகிறது. வலது வூல்ஃபியனில் ஆரம்பத்திலேயே கோளாறு என்றால் வலது கிட்னி வராது, வலது முல்லேரியனும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. அதனால் இரட்டைக் கர்ப்பப்பை, ஒரு பக்க யோனி அடைப்பு, அதே பக்கம் கிட்னி இல்லை, மூன்றும் கூட்டாக வருகின்றன. 1971இல் ஹெர்லின், வெர்னர் இருவரும், 1976இல் வுண்டர்லிச்சும் இதை எழுதினார்கள், அதனால் மூன்று பேரின் பெயரையும் சேர்த்து ஒரு பெயர் உண்டு, இப்போது ரிப்போர்ட்டுகளில் இந்தக் கோளாறுகளின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஒஹ்விரா (OHVIRA) என்று போடுகிறார்கள். வலது பக்கம்தான் அதிகம், உங்கள் பெண்ணுக்கும் அப்படியே.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இடது கர்ப்பப்பையின் வழி திறந்திருப்பதால் பீரியட்ஸ் ஒழுங்காக வரும். ஒழுங்காக வருகிறது, அப்புறம் அடைப்பு எங்கே இருக்கும் என்று வீட்டிலும் நினைக்க மாட்டார்கள், மருத்துவர்களிலும் பலருக்குத் தோன்றாது. வலது பக்கம் மட்டும் உள்ளே தேங்கிக்கொண்டே இருக்கும். வலி மாதவிடாயோடு ஆரம்பித்து, பிறகு மாதவிடாய் முடிந்தும் தொடர்ந்து, ஒரு பக்கமாகவே இருந்து, போகப் போகக் கூடும். நீங்கள் எழுதியிருப்பதும் எழுத்துக்கு எழுத்து இதுதான்.

நான் மேல்படிப்பு படிக்கும்போது இந்த அறுவை சிகிச்சையில் முதன்முதலாக உதவிக்கு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. யோனியின் வலது பக்கச் சுவர் உள்ளே பிதுங்கி நீலம் பாரித்து இருந்தது, விரல் வைத்தால் தண்ணீர் நிறைந்த பலூன் மாதிரி அமுங்கியது. என் ஆசிரியை அதில் கத்தியை வைத்ததும் கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக, கருஞ்சிவப்பாக, அவசரமே இல்லாமல் வழிந்து வந்தது, கிண்ணம் நிறைந்து இன்னொரு கிண்ணம் வைத்தோம். மேலே லேப்ராஸ்கோப்பித் திரையில் பார்த்தால் வலது கருக்குழாயின் நுனியில் அதே பாகு துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, அடிவயிற்றின் உள்சவ்வில், சிவப்பும் நிறமே இல்லாததுமாகக் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள், கை மேல் எண்ணெய் தெறித்த இடம் மாதிரி. புத்தகத்தில் எண்டோமெட்ரியோசிஸ் என்றால் கறுப்புப் புள்ளிகளைத்தான் படமாகப் போட்டிருப்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி நிறம் குறைந்துதான் பெரும்பாலும் இருக்கும், தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். சாம்ப்சன் சொன்னதைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன், அந்த ஒரு துளியைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது.

அடைப்பு வேறு இடங்களிலும் வரலாம். கன்னித்திரையில் துளையே இல்லாமல் மூடியிருப்பது இருப்பதிலேயே அதிகமாக வருவது, சரிசெய்வதும் சுலபம். யோனிக்குக் குறுக்கே சுவர் இருப்பது அதைவிட அரிது, கர்ப்பப்பை வாயே உருவாகாமல் இருப்பது மிகவும் அரிது, சிகிச்சையும் கஷ்டம். ஒற்றைக்கொம்புக் கர்ப்பப்பையின் பக்கத்தில் வளர்ச்சி குன்றிய இன்னொரு கொம்பு இருந்து, அதில் சவ்வு வேலை செய்து, வழி மட்டும் இல்லாமல் இருந்தால் அங்கேயும் இதே கதைதான், அந்தக் கொம்பை எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் பின்னால் கரு அதற்குள் தங்கி வெடிக்கிற ஆபத்தும் இருக்கிறது.

கன்னித்திரை மூடியிருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் வயசுக்கு வந்திருப்பார்கள், ஆனால் யாருக்கும் தெரியாது. மார்பு வளர்ந்திருக்கும், உயரம் கூடியிருக்கும், இரத்தம் மட்டும் வெளியே வராது. ஒரு அம்மா தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களைக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். மகள் வயிற்று வலியில் துடித்த நாட்களின் தாள்களை மட்டும் எடுத்து வைத்திருந்தார், அவருக்கு ஏனென்று தெரியாது, ஏதோ தோன்றியிருக்கிறது. மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் 28, 29 நாள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள், மூன்று தடவை குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள், குடல்வால் என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள், கடைசியாகச் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தாள். பிறப்புறுப்பை ஒரு தடவை வெளியிலிருந்து பார்த்திருந்தால் போதும், நீலமாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதுவரை யாருமே பார்க்கவில்லை. பெண் பிள்ளையை அந்த இடத்தில் பார்க்கக் கூச்சம், பார்க்கச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அவள் எட்டு மாத வலியை விலையாகக் கொடுத்தாள், எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

இனி, அடைப்பே இல்லாத கோளாறுகள். தடுப்புச் சுவர் உள்ள கர்ப்பப்பை, இதய வடிவில் மேலே பிளந்த கர்ப்பப்பை, இதெல்லாம் இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் அதிகம் வருமா? இங்கே நிலைமை தெளிவாக இல்லை. தடுப்புச் சுவர் உள்ளவர்களுக்குக் கூடுதலாக இருக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று வேறு சில சொல்கின்றன. கூடுதல் என்று சொல்பவர்கள், கர்ப்பப்பை சுருங்கி விரிகிற தாளம் மாறுவதால் இரத்தம் அதிகமாகப் பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு இதில் இருக்கும் சந்தேகம் வேறு. குழந்தையில்லை என்று வருபவர்களுக்குத்தான் லேப்ராஸ்கோப்பி செய்கிறோம், செய்யும்போது இரண்டும் கண்ணில் படுகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் தடுப்புச் சுவரோடு வாழ்பவர்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் ஸ்கேனில் தடுப்புச் சுவர் என்று வந்த ஒவ்வொருவரும் எண்டோமெட்ரியோசிஸ் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

இதோடு முடியவும் இல்லை. கர்ப்பப்பையே உருவாகாத பெண்கள் இருக்கிறார்கள், 4,500 முதல் 5,000 பெண்களில் ஒருவருக்கு, எம்ஆர்கேஎச் என்று சொல்வார்கள். இவர்களில் சிலருக்குக் கர்ப்பப்பை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மொட்டுகள் இருக்கும், அதற்குள் சவ்வு வேலை செய்தால் எண்டோமெட்ரியோசிஸ் வருவது புரிகிறது. ஆனால் வேலை செய்கிற சவ்வே இல்லாதவர்களிடமும் எண்டோமெட்ரியோசிஸ் கண்டதாக ஒருசில மருத்துவக் கட்டுரைகள் உண்டு. மாதவிடாயே இல்லாமல் பின்னோக்கிப் போவது எது? அப்படியானால் வயிற்றின் உள்சவ்வே அந்த இடத்தில் கர்ப்பப்பைச் சவ்வாக மாறியிருக்கலாம், அல்லது முல்லேரியன் குழாய் கருவில் இறங்கி வரும்போதே அதன் செல்கள் வழியில் சிதறி அங்கங்கே தங்கியிருக்கலாம். இரண்டாவதற்கு ஆதாரமாக, இத்தாலியில் ஒரு குழுவினர் 2009இல் பெண் சிசுக்களின் உடல்களைப் பரிசோதித்து, 36இல் 4 சிசுக்களில் கர்ப்பப்பைக்கு வெளியே அந்தச் சவ்வு போன்ற திசு இருந்ததாக எழுதினார்கள். மரபணுப் பக்கமும் ஒரு நூல் ஓடுகிறது. டபிள்யூஎன்டி4 என்ற மரபணு கெட்டால் முல்லேரியன் குழாய்கள் வளராமல் போகலாம், அதே மரபணுவை ஒட்டிய இடம்தான் எண்டோமெட்ரியோசிஸ் வரும் பெண்களின் மரபணு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஆக, சிலருக்கு அடைப்பு காரணம், சிலருக்கு இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்பியிருக்கலாம். உங்கள் பெண்ணுக்கு முதலாவதுதான் பொருந்துகிறது, அதனால் இந்தப் பக்கத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள். வலது பக்க யோனியை அடைத்திருக்கும் சுவர் எவ்வளவு தடிமன், எந்த உயரத்தில், இடது பக்கத்தோடு உள்ளே ஏதாவது தொடர்பு உண்டா என்பதெல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரியும், உள்ளே எதையும் நுழைக்கவும் மாட்டார்கள். பாட்டி பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், "கன்னி கழியாத பிள்ளைக்கு உள்ளே ஆபரேஷனா" என்று. சுவரைத் திறப்பது யோனி வழியாகத்தான் நடக்கும், ஆனால் கன்னித்திரைக்குச் சேதம் வராமல் செய்ய முயற்சிப்பார்கள், மெல்லிய கருவிகளால் அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆனால் அந்த ஒரு பயத்துக்காகத் தள்ளிப்போட்டால், போகும் ஒவ்வொரு மாதமும் வயிற்றுக்குள் இன்னொரு தடவை இரத்தம் கொட்டுகிறது. அதைப் பாட்டிக்கு அப்படியே சொல்லுங்கள்.

ஊசி போட்டு இரத்தத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பழைய இரத்தத்தில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும், ஊசித் துளை சீக்கிரமே மூடிக்கொள்ளும், பிரச்சினை அப்படியே இருக்கும், சீழ் மட்டும் மிச்சம். சரியான அறுவை சிகிச்சை என்பது சுவரை நன்றாக அகலமாக வெட்டி எடுத்து, ஓரங்களைத் தைத்து, மறுபடி ஒட்டாமல் செய்வது. சின்னக் கீறல் மட்டும் போட்டு விட்டால் திரும்ப மூடிக்கொள்ளும். வலது கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் இரண்டாவது கருத்து கேட்காமல் சம்மதிக்காதீர்கள், இந்த வகையில் அதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அனுபவமுள்ளவர் கிடைக்கச் சில வாரங்கள் ஆகுமானால் அதுவரை மாதவிடாய் வராமல் ஹார்மோன் மாத்திரையில் நிறுத்தி வைக்கலாம், அவசரத்தில் தெரியாத கையில் கொடுப்பதைவிட அது நல்லது. வலி மாத்திரை விஷயத்தில், ஒரே கிட்னி என்பதால், மெஃபனமிக் ஆசிட் மாதிரியானவற்றைக் கடையில் வாங்கி இஷ்டத்துக்குக் கொடுக்காதீர்கள். எதை, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு கிட்னியோடு முழு ஆயுள் வாழலாம், இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் வருடம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

எண்டோமெட்ரியோசிஸையும் அதே நேரத்தில் சுரண்டி எடுத்துவிட வேண்டுமா? எல்லாருக்கும் தேவையில்லை. அடைப்பை நீக்கிய பிறகு எண்டோமெட்ரியோசிஸ் தானாகவே மறைந்த பெண்களைப் பற்றி 1986இலேயே எழுதியிருக்கிறார்கள், அதன் பிறகும் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் எண்டோமெட்ரியோசிஸ் இப்படி மறைவது அபூர்வம். ஆனால் எல்லாருக்கும் மறைகிறது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அடைப்பு நீங்கியும் நோய் தங்கிவிட்ட பிள்ளைகளைப் பற்றி 2013இல் வந்த கட்டுரையும் இருக்கிறது. அதனால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று நான்கு பீரியட்ஸ் போகட்டும், பழைய வலி போய்விட்டதா என்று அவளையே கேளுங்கள். போயிருந்தால் சரி. வலி தங்கியிருந்தால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், "அதான் ஆபரேஷன் செய்தாச்சே" என்று விட்டுவிடாமல் மறுபடி கூட்டிப் போங்கள். சுவர் மூடிக்கொண்டதா என்று முதலில் பார்ப்பார்கள், இல்லையென்றால் எண்டோமெட்ரியோசிஸுக்கான சிகிச்சையை ஆரம்பிப்பார்கள்.

பிள்ளை பிறக்குமா என்றால், பெரும்பாலும் பிறக்கும். நேரத்தில் அடைப்பு நீக்கப்பட்ட இந்த வகைப் பெண்களில் பலர் இயற்கையாகவே கருத்தரிக்கிறார்கள், வலது பக்கக் கர்ப்பப்பையில் தங்கிப் பெற்றவர்களும் உண்டு. ஒவ்வொரு கர்ப்பப்பையும் பாதி அளவே என்பதால் குறைப் பிரசவம், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, சிசேரியன் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுதல், அதனால் கர்ப்ப காலத்தில் கூடுதல் கவனிப்பு வேண்டும். பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது இரட்டைக் கர்ப்பப்பையைவிட, வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட தேக்கமும் அதனால் கருக்குழாய்கள் ஒட்டிப்போவதும்தான். உங்கள் பெண்ணுக்கு ஒன்றரை வருடத்தில் தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மாதவிடாய் வலி எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் இருக்கும். ஆனால் வயசுக்கு வந்த முதல் சில மாதங்களிலேயே கடுமையான வலி, மாதா மாதம் கூடுகிற வலி, ஒரே பக்கத்து வலி, பீரியட்ஸ் இல்லாமலே மாதம் ஒரு தடவை வருகிற வயிற்று வலி, வலியோடு சிறுநீர் அடைப்பு, அல்லது பீரியட்ஸ் முடிந்தும் நிற்காமல் நாற்றத்தோடு கசிவு, இதில் எது இருந்தாலும் ஸ்கேன் எடுங்கள். கிட்னியையும் சேர்த்துப் பாருங்கள். பிறந்தபோதோ கர்ப்ப கால ஸ்கேனிலோ ஒரு கிட்னிதான் என்று சொல்லப்பட்ட பெண் குழந்தை வீட்டில் இருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல், வயசுக்கு வரும் நேரத்தில் கர்ப்பப்பையையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வயிற்றின் மேல் வைத்தே பார்க்கலாம், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டால் போதும். "எனக்கும் அப்படித்தான் இருந்தது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பொதுவாகவே எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க 7 முதல் 10 வருடம் ஆகிறது, அந்த வருடங்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் போகிறது.

கடைசியாக, அறுவை சிகிச்சைக்குப் பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். என்ன செய்தார்கள் என்று எழுதிய ஆபரேஷன் குறிப்பின் நகல், எம்ஆர்ஐ சிடி, ஸ்கேன் படங்கள், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, முதல் தாளில் தமிழிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: இரண்டு கர்ப்பப்பை, இடது கிட்னி மட்டும், வலது பக்கச் சுவர் நீக்கப்பட்டது, தேதி. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அவளுக்குப் பிரசவம் பார்க்கும்போது முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். இன்னொரு நகலை அவள் கையிலேயே கொடுங்கள். 14 வயது, அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே படம் வரைந்து சொல்லலாம், புரிந்துகொள்வாள்.